சவர பிளேடை எப்போது மாற்றுவது, எப்படிக் கூடுதல் நாள் உழைக்க வைப்பது: கடலூர், புதுச்சேரிக் கரையோர மக்களுக்கான கேள்வி பதில்கள்

ஒரு பிளேடை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் ஐந்து முதல் ஏழு சவரங்களுக்குப் பிறகு பிளேடை மாற்றும்படி பொதுவாகப் பரிந்துரைக்கிறது. தனித்தனியாக வாங்கி ரேசரில் பொருத்தும் இருபக்க பிளேடுகள் பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு சவரம் வரை நன்றாக உழைக்கின்றன. முடி மெல்லியதாகவும் தாடி அடர்த்தியின்றியும் இருப்பவருக்கு அதே பிளேடு இன்னும் சில முறை வரலாம். கம்பி போன்ற முடியுள்ளவருக்கு இரண்டாவது சவரத்திலேயே இழுக்கத் தொடங்கலாம். தினமும் சவரம் செய்பவரின் பிளேடு குட்டையான முடியைத்தான் வெட்டுகிறது என்பதால், வாரம் ஒரு முறை நீண்ட தாடியை எடுப்பவரின் பிளேடைவிட அது அதிக முறை தாங்கும்.

எனவே நாட்களை எண்ணுவதில் பயனில்லை. திங்கள்கிழமை போட்ட பிளேடை அடுத்த திங்கள்கிழமை மாற்றுவது என்று வைத்துக்கொள்பவர், நல்ல பிளேடை வீணாக்கவும் கூடும், கெட்ட பிளேடோடு மல்லுக்கட்டவும் கூடும். எண்ணத்தான் வேண்டுமென்றால் சவரங்களை எண்ணுங்கள். இறுதி முடிவை முகத்திடம் விட்டுவிடுங்கள்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

முதல் அறிகுறி இழுப்பு. நல்ல பிளேடு முடியை வெட்டுவது நமக்குத் தெரிவதே இல்லை. மழுங்கிய பிளேடு முடியை வெட்டுவதற்கு முன் சற்றுப் பிடித்து இழுக்கிறது. இந்த இழுப்பு முதலில் மேலுதட்டிலும் மோவாயிலும்தான் தெரியும், ஏனெனில் அங்கேதான் முடி தடிமனாகவும் நெருக்கமாகவும் வளர்கிறது. கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும் பிளேடு மோவாயில் தயங்கினால், அதற்கு இன்னும் ஒரு சவரம்தான் மிச்சம் என்று கொள்ளலாம்.

இரண்டாவது அறிகுறி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருப்பது. முன்பு ஒரே இழுப்பில் சுத்தமான இடத்துக்கு இப்போது மூன்று இழுப்புத் தேவைப்பட்டால், அந்தக் கூடுதல் இழுப்பு ஒவ்வொன்றும் முடியைவிடத் தோலைத்தான் அதிகம் சுரண்டுகிறது. அதன் விளைவு பிறகு தெரியவரும்: தண்ணீர் பட்டதும் எரிச்சல், கழுத்தில் சிவந்த புள்ளிகள், மறுநாள் காலையில் சிறு சிறு கொப்புளங்கள்.

படிகாரக் கல் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சவரம் முடிந்த ஈர முகத்தில் படிகாரத்தைத் தேய்க்கும்போது லேசான குளிர்ச்சி மட்டும் இருந்தால் பிளேடும் கையும் சரியாக இருக்கின்றன. முகம் முழுவதும் சுரீரென்று எரிந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது கை அதிகமாக அழுத்தியிருக்கிறது. புதிய பிளேடிலும் அதே எரிச்சல் தொடர்ந்தால் குற்றம் கையில்தான் என்று புரிந்துகொள்ளலாம். இவ்வளவு மலிவான, நேர்மையான சோதனை வேறு இல்லை என்பது என் கருத்து.

கண்ணுக்குத் தெரியும் துருப்புள்ளி, விளிம்பில் நெளிவு, தரையில் விழுந்ததால் ஏற்பட்ட வளைவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் யோசிக்கவே வேண்டாம். அந்த பிளேடை அன்றே எடுத்துவிட வேண்டும். கார்ட்ரிட்ஜின் (பிளேடுகள் உள்ளே பதிந்து, ரேசர் பிடியில் அப்படியே மாட்டும் தலைப்பகுதி) மேல் இருக்கும் வழவழப்புப் பட்டையின் நிறம் மங்குவதை மாற்றுவதற்கான அடையாளமாக நிறுவனங்கள் சொல்கின்றன. அது எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறதே தவிர, பிளேடின் கூர்மையைக் காட்டுவதில்லை. விரல் நுனியால் தடவிக் கூர்மை பார்ப்பதும் வேண்டாம்: கூர் மிக்க பிளேடு விரலை வெட்டும், மழுங்கிய பிளேடு எதையும் சொல்லாது.

முடியைவிட எஃகு எத்தனையோ மடங்கு கடினமானது. பிறகு எப்படி அது மழுங்குகிறது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2020-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பிளேடின் எஃகு மனித முடியைவிடச் சுமார் ஐம்பது மடங்கு கடினமானது. கத்தியின் விளிம்பு சிறிது சிறிதாகத் தேய்ந்து உருண்டுபோவதுதான் காரணம் என்று பலரும் நினைத்திருக்க, மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது விளிம்பில் சின்னஞ்சிறு சில்லுகள் தெறித்துப் போயிருந்தன. முடி பிளேடுக்கு நேர் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து வளையும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் விசை குவிந்து அந்த இடம் உடைந்து விடுகிறது. ஒரு சில்லு போன இடத்தின் பக்கத்தில் அடுத்த சில்லு போவது எளிது. சவரம் செய்யும்போது நாம் உணரும் இழுப்பு, இப்படிச் சில்லு போன விளிம்பு முடியில் மாட்டுவதால் வருவதே.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தி தெளிவானது. முடி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக பிளேடு கெடும். ஆகவே பிளேடைக் காப்பாற்றும் வேலை பிளேடில் அல்ல, தாடியை நனைப்பதில் தொடங்குகிறது.

சவரத்துக்கு முன் தாடியை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்?

இரண்டு மூன்று நிமிடம் போதும், ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிடம் கட்டாயம் வேண்டும். முடி தண்ணீரை உறிஞ்சிப் பருக்கிறது. உள்ளே இருக்கும் கெரட்டின் புரதத்தின் பிணைப்புகள் தளர்கின்றன. வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறைகிறது. குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது இதற்கு மிகவும் ஏற்றது. குளிக்கும் முன்தான் சவரம் செய்வேன் என்ற பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. அப்படியானால் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, க்ரீமைப் பூசி, பிரஷ்ஷால் நன்றாக நுரைக்க வைத்து, ஒரு நிமிடமாவது அப்படியே விட்டுவிட்டு, பிறகு ரேசரை எடுக்கவும். முகத்தில் எண்ணெய் இருந்தால் தண்ணீர் முடிக்குள் இறங்காது என்பதை நினைவில் வைக்கவும்.

உலர்ந்த முகத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொண்டு அவசரமாக இழுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவரின் பிளேடு, எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் நீண்ட நாள் நிற்காது.

‘ஸ்டெயின்லெஸ்’ என்றுதானே உறையில் போட்டிருக்கிறது? எங்கள் வீட்டில் மட்டும் ஏன் துருப் பிடிக்கிறது?

கடலிலிருந்து சில தெரு தள்ளி வசிக்கும் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். தேவனாம்பட்டினத்திலோ கடலூர் முதுநகரிலோ, புதுச்சேரியின் குருசுக்குப்பத்திலோ வைத்திக்குப்பத்திலோ ஜன்னல் கம்பியும் தாழ்ப்பாளும் என்ன கதியாகின்றன என்பது அங்கே வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். அதே காற்றுதான் குளியலறைக்குள்ளும் வருகிறது.

பழைய காலத்து பிளேடுகள் கார்பன் எஃகால் ஆனவை. ஒரு நாள் ஈரத்திலேயே பழுப்பேறின. 1960களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு பிளேடுகள் பரவலாக விற்பனைக்கு வந்தன. இந்த எஃகில் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்கிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு: உப்பிலுள்ள குளோரைடு. குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவிலான இடங்களில் துளைத்து, அங்கே குழிவிழச் செய்கிறது. பாத்திரம் செய்யும் எவர்சில்வரில் குரோமியம் இன்னும் அதிகம், நிக்கலும் உண்டு என்பதால் சில்வர் தட்டு தாங்குகிறது. கூர்மைக்காகக் கார்பன் கூட்டப்பட்ட பிளேடு எஃகு அந்த அளவுக்குத் தாங்குவதில்லை.

கடற்காற்றில் உப்பு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு, ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் என்று மூன்றும் இங்கே ஒன்று சேர்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குளியலறைச் சுவரே காயாதபோது, ரேசரின் இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சொட்டுத் தண்ணீர் எங்கே காயப்போகிறது? இடுக்கில் தேங்கும் தண்ணீர் இன்னொரு கேடும் செய்கிறது. அங்கே ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை என்பதால், உடைந்த படலம் மீண்டும் உருவாக முடியாமல் போகிறது. வெளியே பளபளப்பாகத் தெரியும் பிளேடைக் கழற்றிப் பார்த்தால் நடுத் துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளிம்பில் துரு கண்ணுக்குத் தெரியும் முன்பே கூர்மை போய்விடுகிறது. மயிரிழையில் பல நூறில் ஒரு பங்கு அளவே உள்ள விளிம்பில் ஒரு சிறு குழி விழுந்தாலே போதும். நம் ஊரில் பிளேடின் ஆயுளைத் தீர்மானிப்பது நிறுவனப் பெயரோ விலையோ அல்ல, சவரம் முடிந்தபின் அது எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் சவரம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

இருபக்க பிளேடு ரேசராக இருந்தால், முதலில் ரேசரை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு பிடியை ஒரு சுற்றுத் தளர்த்தி, தகடுகளுக்கு நடுவில் தண்ணீரை விட்டு நுரையையும் முடித் துணுக்கையும் வெளியேற்றுங்கள். நாலைந்து முறை நன்றாக உதறிவிட்டு, தளர்த்தியபடியே தலைப்பகுதி மேலே இருக்குமாறு ஒரு டம்ளரில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் மறக்காமல் முறுக்கிக்கொள்ள வேண்டும். தளர்ந்த பிளேடோடு முகத்தில் ரேசரை வைப்பது ஆபத்து.

கார்ட்ரிட்ஜாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பாயும்படி குழாயின் கீழ் பிடித்தால் இடுக்கில் உள்ள முடி முன்பக்கமாக வெளியே வந்துவிடும். வாஷ் பேசின் விளிம்பில் டொக் டொக்கென்று தட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும், அந்தத் தட்டலில் விளிம்பு வளைகிறது.

குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எதுவானாலும் சரி. காயும்போது பிளேடின் மேல் உப்பை விட்டுச் செல்லாத தண்ணீராக இருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரேசரைக் குளியலறைக்குள் வைக்க வேண்டாம். காற்றோட்டமுள்ள அறையில், கண்ணாடி மாட்டியிருக்கும் அலமாரியில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ரேசரோடு வரும் பிளாஸ்டிக் மூடியை ஈரமாக இருக்கும்போது போட்டு மூடுவது, துருவுக்கு நாமே கூடு கட்டிக்கொடுப்பதாகும்.

துண்டால் துடைத்துவிடலாமே?

கூடாது. விளிம்பின் மேல் டெஃப்லான் வகைப் பூச்சு மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கிறது. தோலில் வழுக்கிச் செல்ல உதவுவது அதுதான். துணியால் துடைத்தால் அந்தப் பூச்சும் போகும், விளிம்பும் கெடும், விரலும் வெட்டுப்படும்.

எண்ணெயில் போட்டு வைத்தால் அதிக நாள் வரும் என்கிறார்களே?

தண்ணீரும் காற்றும் எஃகின் மேல் படாமல் எண்ணெய் தடுக்கிறது என்பது உண்மைதான். வாரம் ஒரு முறை மட்டும் சவரம் செய்பவருக்கு, இடையில் பிளேடு ஆறு நாள் சும்மா கிடப்பதால், இது பயன் தரும். தேங்காய் எண்ணெயைவிடக் குழந்தைகளுக்குத் தடவும் மினரல் ஆயில் நல்லது. அது சிக்குப் பிடித்துப் பிசுபிசுப்பாகாது. ஒரு சொட்டு போதும், அடுத்த சவரத்துக்கு முன் வெந்நீரில் அலசிவிட வேண்டும். தினமும் சவரம் செய்பவருக்கு இந்த வேலை தேவையில்லை.

மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ரேசரின் தலையை ஒரு முறை முக்கி எடுப்பது மழைக்காலத்துக்கு ஏற்ற வழி. ஸ்பிரிட் இடுக்கிலுள்ள தண்ணீரோடு கலந்து, அதையும் இழுத்துக்கொண்டு விரைவில் ஆவியாகிறது. அடுப்புக்கோ விளக்குக்கோ அருகில் இதைச் செய்யக் கூடாது. படிகாரத்தை மட்டும் பிளேடில் தேய்க்க வேண்டாம். ஈரத்தில் அது அமிலத்தன்மை உடையது, எஃகுக்கு நன்மை செய்யாது. அது முகத்துக்கானது.

ரேசரில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. அதுவும் துருவா?

அல்ல. கடினத் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து படியும் கறை அது. பிளேடைக் கழற்றிவிட்டு, ரேசரின் உலோகப் பகுதியைச் சமையலுக்கான வினிகர் கலந்த தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். மணிக்கணக்கில் ஊற விட்டால் மேல் முலாம் கெடும்.

அழுத்திச் சவரம் செய்தால் பிளேடு சீக்கிரம் போய்விடுமா?

போய்விடும், முகமும் சேர்ந்து கெடும். ரேசரின் எடையே போதுமான அழுத்தத்தைத் தருகிறது. கை அதை வழிநடத்தினால் போதும். இருபக்க பிளேடு ரேசரைத் தோலோடு ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் சுரண்டும், படுக்க வைத்தால் வெட்டாது. முதலில் முடி வளரும் திசையிலேயே ஓட்டிவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி நுரை பூசிக் குறுக்காக ஓட்டலாம். எதிர்த்திசையில் ஓட்டினால் வழவழப்பாக வரும் என்பது உண்மையே. சுருள் முடியுள்ளவர்களுக்கு வெட்டப்பட்ட முனை தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டியாகும் என்பதும் உண்மை. கழுத்தில் அப்படி அடிக்கடி வருபவர்கள் எதிர்ச்சவரத்தைக் கைவிடுவது நல்லது.

இருபக்க பிளேடு வைத்திருப்பவர்கள் தம்மை அறியாமல் ஒரே பக்கத்தையே அதிகம் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு சில இழுப்புக்கும் ரேசரைத் திருப்பிக்கொண்டால், இரண்டு விளிம்பும் சமமாக உழைத்து பிளேடு கூடுதலாக ஓரிரு சவரம் வரும்.

கண்ணாடி டம்ளரின் உட்புறத்திலோ ஜீன்ஸ் துணியிலோ தேய்த்தால் கூர்மை திரும்புமா?

டம்ளரில் தேய்க்கும் வழக்கம் கார்பன் எஃகு பிளேடு காலத்தது. பிளேடு கிடைப்பதே அரிதாக இருந்தபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. வளைந்த விளிம்பைத் தேய்த்து நிமிர்த்தலாம்; தெறித்துப்போன சில்லை எந்தத் தேய்ப்பும் திரும்பக் கொண்டுவராது. இன்றைய பிளேடில் பூச்சும் சேர்ந்து போய்விடும். ஜீன்ஸ் துணியில் எதிர்த்திசையாகத் தள்ளினால் பல மாதம் வருகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு டீயின் விலையில் இரண்டு மூன்று இருபக்க பிளேடுகள் கிடைக்கும்போது இந்தப் பாடு தேவையற்றது.

இருபக்க பிளேடு, கார்ட்ரிட்ஜ்: எது சிக்கனம்?

பழகிய கைக்கு இருபக்க பிளேடுதான் சிக்கனம். கார்ட்ரிட்ஜ் விலை அதிகம் என்பதால் அதை மழுங்கிய பிறகும் மாற்ற மனம் வராது. அந்தத் தயக்கத்தின் விலையைத் தோல்தான் கொடுக்கிறது. கை நடுக்கம் உள்ள முதியவர்களுக்கும், புதிதாகச் சவரம் செய்யத் தொடங்கும் பிள்ளைகளுக்கும் கார்ட்ரிட்ஜ் பாதுகாப்பானது.

துருப்பிடித்த பிளேடு வெட்டினால் டெட்டனஸ் வருமா?

துருவால் டெட்டனஸ் வருவதில்லை; மண்ணிலும் அழுக்கிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால்தான் வருகிறது. ஆனாலும் வெட்டைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து ஆண்டு, அழுக்கான காயத்துக்கு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணன் தம்பிகள் ஒரே ரேசரைப் பயன்படுத்தலாமா? சலூனில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே வீட்டில் பிறந்தவர்களானாலும் கூடாது, கணவன் மனைவிக்கும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வெட்டிலிருந்து கசியும் இரத்தம் பிளேடில் ஒட்டியிருக்கும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிர்ப்போடு இருக்கக்கூடியது. கழுவினால் போதும் என்று நினைப்பது தவறு.

சலூனில் பாதியாக உடைத்த பிளேடைக் கத்தியில் செருகிச் சவரம் செய்கிறார்கள். உறையிலிருந்து புதிய பிளேடை உங்கள் கண் முன்னால் பிரித்துப் போடச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். நல்ல தொழிலாளி கேட்காமலேயே அப்படித்தான் செய்வார். கடலூர் அருகே திருவந்திபுரத்தில் முடி காணிக்கை செலுத்தக் குழந்தையை அழைத்துச் செல்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் நான்கு பேருக்கு மொட்டை என்றால் நான்கு பேருக்கும் தனித்தனி பிளேடு. அப்பாவுக்கு முடித்த பிளேடோடு குழந்தையின் தலைக்கு வர விடாதீர்கள். குழந்தையின் தலைத்தோல் மெல்லியது, அழுது அசையும்போது வெட்டுப்படுவதும் எளிது.

பழைய பிளேடை எப்படி அகற்றுவது?

குப்பைப் பையில் அப்படியே போடக் கூடாது. அந்தப் பையை வெறும் கையால் பிரித்துத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலை அது வெட்டும். தெருவில் சிதறினால் மேயும் மாட்டின் வாய்க்குள் போகும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவின் மேல் பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் கீறல் போட்டு வைத்தால், பல ஆண்டு பிளேடுகள் அதற்குள் அடங்கும். நிறைந்ததும் கீறலை டேப் ஒட்டி அடைத்து, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டி வரும்போது பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.

பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வைக்கலாமா?

வாங்கலாம். உறை பிரிக்காத பிளேடு ஈரமில்லாத இடத்தில் பல ஆண்டு கெடாமல் இருக்கும். கடலோர வீடுகளில் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைக்கவும். கடையில் வாங்கும்போது மெழுகுத் தாள் உறை பழுப்பேறியிருந்தால், அந்தப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேட்கவும்.